பார்லருக்கு வராத கஸ்டமர்

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி மூக்கைச் சிந்தினால்கூட, ஆகா ஏதோ மாட்டியது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நம்ம கதைக்காரிக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது. கதைக்காரி என்பது அவள் பேர் இல்லை, காம்ப்ளெக்ஸில் இருந்த மற்ற கடைக்காரர்கள் வைத்த பட்டம். பிழைப்பு என்னவோ ஆல்டரேஷன் கடை. பெரிய வணிக வளாகம், அதன் அடித்தளத்தில் லிஃப்டுக்கும் ஜெனரேட்டர் ரூமுக்கும் நடுவே ஒரு பொந்து. அதற்குள் ஒரு மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு ட்யூப் லைட். பேன்ட் நீளம் குறைப்பாள், இடுப்பைப் பிடிப்பாள், பிய்ந்த ஜிப்பை மாற்றுவாள். மீதி நேரத்தில் கதை எழுதுவாள்.

ஒரு காலத்தில் வாரப் பத்திரிகையில் அவள் கதைகள் வந்துகொண்டுதான் இருந்தன. பிறகு என்ன ஆனதோ, அனுப்புவதெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. கடைசியில் ஆசிரியரே போன் செய்தார். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் கூர்மை.

“இங்க பாருங்கம்மா, நீங்க எழுதுறதுல வசனம் இருக்கு, மனுஷங்க இல்ல. கண்ணு முன்னாடி நடக்கிறத எடுங்க. கதை காலடியில கெடக்கும், நீங்க எங்கயோ வானத்தப் பாத்துட்டு நடக்குறீங்க.”

சொன்னதுதான் தாமதம், அன்றிலிருந்து இவள் காலடியைத் துழாவ ஆரம்பித்துவிட்டாள். தைக்க வந்த பேன்ட்டின் பாக்கெட்டுகளை ஒன்றுவிடாமல் குடைந்தாள். கசங்கிய பஸ் டிக்கெட், பல் குத்தும் குச்சி, பாதி தின்ற மிட்டாய், இதைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. மனிதர்களிடமே கேட்டுவிடலாம் என்று, இடுப்பைப் பிடிக்கச் சொல்லி வந்த ஒரு மனிதரிடம், “எடை நல்லா கொறைஞ்சிருக்கீங்களே சார், வீட்ல ஏதாச்சும் மனஸ்தாபமா?” என்று கேட்டாள். அவர் “ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு இருக்கேம்மா” என்று சொல்லிவிட்டு, பேன்ட்டைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு போயே போய்விட்டார். இவள் என்ன செய்தாள் தெரியுமா? ச்சே, எந்த வியாதி என்று கேட்காமல் விட்டோமே என்று வருத்தப்பட்டாள். அந்த அளவுக்கு முற்றியிருந்தது.

இது போதாதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கதைப் பட்டறைக்கு வேறு போய் வந்தாள். அங்கே கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒருவர் பேசினார். “யாராவது மனசத் திறந்து பேசுனா ஆறுதல் சொல்லாதீங்க. ஆறுதல் சொன்னா அவங்க அழுதுட்டு எழுந்து போயிடுவாங்க, கதையும் அவங்களோட போயிடும். ‘அப்புறம்?’னு மட்டும் கேளுங்க. யாருக்கு நடந்ததுன்னு ஆராயாதீங்க, என்ன நடந்ததுன்னு கேளுங்க.” வந்திருந்தவர்களில் பாதிப் பேர் டீயைக் குடித்துவிட்டு இதையெல்லாம் அங்கேயே மறந்துவிட்டார்கள். மறக்காமல் மடியில் கட்டிக்கொண்டு வந்தது இவள் ஒருத்திதான்.

இவளுக்கு ஒரு தங்கை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, தங்கையைப் பள்ளிக்கூடம் அனுப்பியதிலிருந்து தலை பின்னிவிட்டது வரை எல்லாம் இவள்தான். தன் கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால் மெஷினை இன்னும் வேகமாக ஓட்டுவாள், கேட்டவர் குரல் அதில் அமுங்கிப்போகும். தங்கைக்கு அதே காம்ப்ளெக்ஸில் மேல்மாடி பியூட்டி பார்லரில் வேலை. மத்தியானம் கீழே இறங்கி வருவாள். கதைக்காரி ஷட்டரைப் பாதி இழுத்துவிடுவாள். இரண்டு பேரும் டப்பாவைத் திறந்து, ஒருத்தி சாப்பாட்டை இன்னொருத்தி பிடுங்கித் தின்பார்கள்.

தங்கை கல்யாணம் அவளாகப் பார்த்துக்கொண்ட கல்யாணம். மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் அதிகாரி. சட்டையில் சுருக்கம் இருக்காது, பேச்சில் சத்தம் இருக்காது. முதல் தடவை வீட்டுக்கு வந்துவிட்டுப் போனதுமே கதைக்காரி சொன்னாள். “இவன் வேண்டாம்டி. நீ தண்ணி டம்ளர மேசையில வெச்சதும், ஒரு வார்த்தை பேசாம அத நகர்த்தி வெச்சான் பாரு. எனக்குப் பயமா இருக்கு.” தன் வாழ்நாளில் ஒரு மனுஷனை அவள் சரியாகப் படித்தது அந்த ஒரு தடவைதான். தங்கை கேட்கிற நிலையில் இல்லை. வார்த்தை தடித்தது. “செத்தாலும் உன் வாசல்ல வந்து கண்ணக் கசக்க மாட்டேன், போ” என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் கோபம் ஆறியது, மத்தியானச் சாப்பாடு பழையபடி நடந்தது. ஆனால் மாப்பிள்ளையைப் பற்றி மட்டும் இவளும் கேட்க மாட்டாள், அவளும் சொல்ல மாட்டாள்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள், தங்கை சாப்பாட்டைக் கிளறிக்கொண்டே சொன்னாள்.

“அக்கா, இன்னிக்கு ஒரு கஸ்டமர் வந்தா. புருவம் திருத்திக்க. நூல வெக்கிறதுக்கு முன்னாடியே கண்ணுல தண்ணி. என்னங்கன்னு கேட்டா எல்லாத்தையும் கொட்டிட்டா.”

“என்ன கொட்டுனா?” கதைக்காரி டப்பாவை மூடியே விட்டாள்.

“அவ புருஷனுக்குக் கோபம் வந்தா கத்த மாட்டானாம். கை நீட்ட மாட்டானாம். அவ வேலை முடிச்சு வீட்டுக்குப் போனா அவளோட தலையணை மட்டும் சமையல்கட்டுல இருக்குமாம். இன்னிக்கு அங்கதான் படுக்கணும்னு அர்த்தம்.”

“எதுக்குக் கோபமாம்?”

“அதச் சொல்ல மாட்டானாம். அவளே யோசிச்சுக் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சு மன்னிப்புக் கேட்டா தலையணை கட்டிலுக்கு வந்துடும். தப்பாக் கண்டுபிடிச்சா அதுக்கும் சேத்துக் கோபம்.”

அப்படி ஒரு கஸ்டமர் பார்லருக்கு வரவே இல்லை. அன்றைக்கு வந்தவள் கல்லூரியில் படிக்கிற ஒரு வாயாடிப் பெண். சமையல்கட்டில் படுத்தவள் இவள்தான், இந்தத் தங்கைதான். கண்ணைக் கசக்க மாட்டேன் என்று சொல்லிவிட்ட ரோஷம் தடுத்தது. அதனால் தன் அழுகையை யாரோ ஒருத்தி தலையில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அக்கா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முகத்தைப் பார்த்து “என்னடி ஆச்சு?” என்று கேட்டால் போதும், அங்கேயே உடைந்துவிடுவாள். அதற்குத்தான் வந்தாள்.

அக்கா கேட்டாள். “தலையணை எந்தப் பக்கம் கெடக்கும்? அடுப்புப் பக்கமா, கதவுப் பக்கமா?”

“சிங்க்குக்குக் கீழ” என்று தங்கை சட்டென்று சொல்லிவிட்டாள். பிறகு, “அப்படின்னு சொன்னா” என்று சேர்த்துக்கொண்டாள்.

சின்னக் குழந்தைக்கே உறைத்திருக்கும். இவளுக்கு உறைக்கவில்லை. துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்து, வெட்ட வைத்திருந்த அட்டையில் ‘சிங்க்’ என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு அந்தக் கஸ்டமர் அடிக்கடி வந்தாள். பார்லருக்கு அல்ல, ஆல்டரேஷன் கடைக்கு, தங்கையின் வாய்வழியாக. இப்போது புருஷன் சிரித்துப் பேசுகிறானே என்று அந்தப் பெண் நம்பி முடிப்பதற்குள் தலையணை இடம் மாறிவிடும். அவள் யாரிடமோ போனில் சிரித்துப் பேசியதற்காக இருக்கலாம், பேசாமல் இருந்ததற்காகவும் இருக்கலாம். ஒரு நாள் தலையணை பால்கனிக்குப் போனது.

“அன்னிக்கு மழை இல்லையா?” என்றாள் கதைக்காரி.

“மழைதான்.”

“நனைஞ்சாளா?”

“தலையணைய நெஞ்சோட கட்டிக்கிட்டு மூலையில ஒண்டிக்கிட்டாளாம். அது மட்டும் நனையாம பாத்துக்கிட்டாளாம். நனைஞ்சா அதுக்கும் கேப்பானே.”

கதைக்காரிக்கு ‘ஐயோ’ என்று நெஞ்சிலிருந்து கிளம்பியது. அவள் ஒன்றும் கல் இல்லை. ஆனால் பட்டறைக்காரர் சொன்னது ஞாபகம் வந்து அதை அப்படியே விழுங்கினாள். தங்கை சாப்பிடாமல் அக்கா வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்புறம்?” என்றாள் அக்கா.

எனக்கு இந்த இடத்தில் வயிறு எரிகிறது. எரிந்து என்ன செய்ய, நடந்ததைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

கதை பாதிக்கு மேல் எழுதியாகிவிட்டது. முடிவுதான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அந்தச் சமயத்தில் ஒரு நாள் தங்கை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே இறங்கி வந்தாள். முகம் கழுவி, தலையை இழுத்து வாரியிருந்தாள். டப்பா கொண்டு வரவில்லை. காலையில் அவன் ஆபீஸுக்குப் போனதும் இரண்டு புடவை, நாலு சுடிதார், சர்டிபிகேட் எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக் கொண்டுவந்து, மேலே பார்லரில் டவல் அடுக்குகிற அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தாள். அது அக்காவுக்குத் தெரியாது.

“அந்தக் கஸ்டமர் கெளம்பிடலாம்னு பாக்குறாக்கா” என்றாள். “நேத்து முடிவு பண்ணிட்டாளாம். உனக்கு என்ன தோணுது? அவ என்ன செய்யணும்?”

கதைக்காரி மெஷினை நிறுத்தினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். யாரோ தன்னிடம் முடிவைக் கொண்டுவந்து கேட்கிறார்கள் என்ற சந்தோஷம்.

“போகக் கூடாது” என்றாள்.

“போகக் கூடாதா?”

“இப்ப கெளம்பிட்டான்னு வெய்யி, சப்புன்னு போயிடும். எல்லாரும் அதத்தான் எதிர்பாப்பாங்க. அவ இருக்கணும். இருந்தாத்தான் படிக்கிறவனுக்கு நெஞ்ச அடைக்கும்.”

ஜெனரேட்டர் ரூமில் யாரோ எதையோ உருட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கை கீழே பார்த்துக்கொண்டே, “அவளுக்கு ஒரு அக்கா இருக்காளாம். அங்க போலாமான்னு நெனைக்கிறா” என்றாள்.

“அக்காவ எல்லாம் உள்ள கொண்டு வராத” என்றாள் கதைக்காரி. கையால் காற்றை வெட்டியே காட்டினாள். “கடைசி நேரத்துல அக்கா வந்து கட்டிப்பிடிச்சு அழுதா சினிமா ஆயிடும். அவளுக்கு யாரும் இல்லைன்னு வெச்சாத்தான் கதை நிக்கும்.”

“சரிக்கா” என்றாள் தங்கை.

எழுந்து போனாள். அன்று மாலை அந்தப் பை வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிப் போனது. அவன் வருவதற்கு முன் துணிகளைப் பழைய மடிப்பிலேயே அடுக்கி வைத்தாள்.

கதை அச்சானது. ஆசிரியர் போனில், “முடிவு மூச்ச முட்டுதும்மா, இதுக்குத்தான் இத்தன நாள் கத்துனேன்” என்றார். கதைக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்க்கடை போட்டோ ஸ்டுடியோக்காரருக்கு ஒரு பிரதி, லிஃப்ட் ஆளுக்கு ஒரு பிரதி, தங்கைக்கு ஒரு பிரதி. தங்கை நின்றபடியே கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தாள்.

“நல்லா இருக்கா?”

“நல்லா இருக்குக்கா. அவ போயிருக்கலாம்.”

“உனக்கு எங்க இதெல்லாம் புரியப் போகுது” என்று அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். தங்கச்சி மறந்தாலும் மறப்பாள் என்று, அச்சான பக்கங்களைக் கையோடு போனில் படம் எடுத்து மாப்பிள்ளைக்கும் அனுப்பிவைத்தாள். ‘நேரம் கிடைக்கும்போது படிங்க மாப்பிள்ளை’ என்று கீழே ஒரு வரி வேறு. எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் குடும்பத்தைக் கெடுப்பார்கள். கும்பிடு போட்டுக் கெடுத்தவள் இவள்தான்.

அதற்கப்புறம் தங்கை மத்தியானத்தில் வரவில்லை. போன் எடுக்கவில்லை. பார்லரில் கூட்டமாக இருக்கும் என்று இவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், அடுத்த கதைக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே என்ற எரிச்சல்தான் அவளுக்கு அதிகம். பொறுத்துப் பார்த்துவிட்டு மேலே ஏறிப் போனாள். பார்லர்காரம்மா சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “அவ வேலைய விட்டுட்டாளே, உங்களுக்குத் தெரியாதா?” என்றாள்.

மறுநாள் காலை கடைக்கு மாப்பிள்ளை வந்தான். கையில் ஒரு பேன்ட். அதைக் கவுன்ட்டரில் விரித்து, சுருக்கம் நீவிவிட்டான்.

“நீளம் கொஞ்சம் கொறைக்கணும் அண்ணி. அவசரம் இல்ல, இருந்து வாங்கிட்டுப் போறேன்.”

“அவ எங்க மாப்பிள்ளை? வேலைய விட்டுட்டாளாமே?”

“ஊர் மாறிப் போறோம். சாமான் ஏத்திட்டு இருக்காங்க.” அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். “கதை படிச்சேன் அண்ணி. நல்லா எழுதியிருக்கீங்க. ஒரே ஒரு இடத்துல மட்டும் தப்பு.”

“எங்க?”

“தலையணைய அவன் தூக்கி எறியுறான்னு எழுதியிருக்கீங்க. நான் எறிஞ்சதில்ல. உறை மாத்தித்தான் வெப்பேன்.”

சத்தமே இல்லாமல், வெயில் அதிகம் என்று சொல்கிற குரலில் சொன்னான். கதைக்காரியின் கையில் இருந்த கத்திரிக்கோல் பாதி திறந்தபடி நின்றது.

“முடிவு எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது” என்றான். “நீங்க சொல்லித்தான் இருந்தாளாமே. கேட்டேன், சொன்னா. நன்றி அண்ணி.”

பேன்ட்டை அப்படியே போட்டுவிட்டு கதைக்காரி வெளியே ஓடினாள். ஷட்டரைக்கூட இழுக்கவில்லை. சிக்னலில் கிடைத்த ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சமையல்கட்டு. மழை. ‘அவளுக்கு ஒரு அக்கா இருக்காளாம்.’ ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, “யாருக்காவது முடியலையாம்மா?” என்று கேட்டார்.

வீட்டுக்குக் கீழே லாரி நின்றது. கட்டில் ஏறியாகிவிட்டது. மூன்றாவது மாடிக்கு மூச்சிரைக்க ஏறினால், தங்கை வெறும் கூடத்தில் உட்கார்ந்து, பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். போட்டிருந்த சுடிதாரில் தோள்பட்டை இறங்கிக் கிடந்தது. தினம் எத்தனையோ பேர் இடுப்பளவைக் கண்ணால் பார்த்தே சொல்லுகிறவள், தன் தங்கை இப்படி இளைத்ததைப் பார்க்கவில்லை.

“என்னடி ஆச்சு?” என்றாள். இப்போதுதான் கேட்டாள்.

தங்கை நிமிர்ந்தாள். “வாக்கா” என்றாள்.

“எழுந்திரு. வீட்டுக்குப் போலாம். ஒண்ணும் எடுக்க வேண்டாம், கட்டின துணியோட வா. நான் கிறுக்கச்சிடி. எனக்குப் புரியல. நீ சொல்லியிருக்கக் கூடாதா? நீதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னேனேக்கா.”

அக்கா அவள் பக்கத்தில் தரையில் சரிந்து உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் விழுங்கிய ஐயோவெல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. என் கண்ணே என்றாள், பெத்த பிள்ளையப் போல வளத்தேனே என்றாள், அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிடுறேன் என்றாள். தங்கை அழவில்லை. அக்காவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“வந்துடுடி. இப்பவே.”

“அன்னிக்கு வந்திருப்பேன்க்கா. பையெல்லாம் கட்டிட்டு வந்துட்டேன். அன்னிக்கு அந்தத் தெம்பு இருந்துச்சு. எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியல. அது தெனம் வராது போல.”

“நான் இருக்கேன், நான் பாத்துக்கிறேன்.”

தங்கை ஒரு கிண்ணத்தைப் பேப்பரில் சுற்றி, ஓரத்தை மடித்தாள். “உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒவ்வொரு தடவையும் ஒரு கஸ்டமருக்கு நடந்ததுன்னு சொல்லிச் சொல்லி, நீயும் அவளப் பத்தியே கேட்டுக் கேட்டு, எனக்கு இருந்த ஆத்திரமெல்லாம் அவளோட போயிடுச்சு. இப்ப அவர் தலையணைய நகர்த்துனா எனக்கு ஒண்ணுமே தோணல. யாருக்கோ நடக்குதுன்னு பாத்துட்டு இருக்கேன். பாவம் அந்தப் பொண்ணுன்னு நெனச்சுட்டுத் தூங்கிடுறேன்.”

ஆயிரம் பேருக்கு வசனம் எழுதிய கதைக்காரி, அவள் சுற்றிவைத்த கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கீழே ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல், உயர்த்தாமல், ஒரே ஒரு தடவை கூப்பிட்டது. தங்கை எழுந்து, துப்பட்டாவைச் சரி செய்துகொண்டாள்.

“எந்த ஊருன்னாவது சொல்லுடி.”

“அவர் இன்னும் சொல்லலக்கா” என்றாள். பாத்திரப் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். அக்கா பின்னாலேயே ஓடி துப்பட்டாவைப் பிடித்து இழுத்திருக்கலாம், தெருவே கூடும்படி கத்தியிருக்கலாம். இரண்டும் செய்யாமல் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். லாரி கிளம்பிப் போனது.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாளோ. வீட்டுச் சொந்தக்காரர் வந்து கதவருகே செருப்பை விட்டார். கூடத்தில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“நீங்க யாரும்மா?”

“அவளோட அக்கா.”

“ஓ” என்றார் அவர். கொஞ்சம் தயங்கினார். “கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பொண்ணு பால்கனியில படுத்துக் கெடந்தத நானே பாத்திருக்கேன். ஒரு நாள் நல்ல மழை. மனசு கேக்காம, உனக்குன்னு யாராச்சும் இருக்காங்களாம்மா, போன் பண்ணட்டுமான்னு கேட்டேன். அக்கா இருக்காங்க, எழுதிட்டு இருப்பாங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்னு சொல்லிடுச்சு.”

அவர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார், பாத்ரூம் குழாயை இறுக்கினார், கரண்ட் மெயினை அணைத்தார். பிறகு வாசலில் வந்து நின்றுகொண்டு, வீட்டைப் பூட்ட வேண்டும், கொஞ்சம் வெளியே வருகிறீர்களா என்று கேட்டார்.